பொறுப்பண்ணனின் குளிர் அறை

குளிர் அறை மெஷினிலிருந்த பழைய கேஸை முழுக்கச் சிலிண்டரில் இறக்கி, மூடியை இறுக்கி, தன் வேனில் ஏற்றிக் கட்டி முடித்த பிறகுதான் மெக்கானிக் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, புது கேஸுக்கு இந்த வால்வு ஒத்து வராது போலிருக்கே."

குளிர் அறையின் கனத்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பொறுப்பண்ணனுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியதும் கதவை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"போலிருக்குன்னா?"

"ஒத்து வராது."

"ஒத்து வர்ற வால்வு?"

"சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில வந்துடும். பாக்கலாம்."

மெக்கானிக் கெட்ட மனிதர் இல்லை. வேலை தெரிந்தவர்தான். ஆனால் எதைக் கேட்டாலும், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி, எங்கேயோ பார்த்துக்கொண்டு "பாக்கலாம்" என்பார். கேட்பவருக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும்.

பொறுப்பண்ணன் குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கூரை வரை அடுக்கிய பால் கிரேட்டுகள், வெண்ணெய்ப் பெட்டிகள், தட்டுத்தட்டாக மீன், பையில் போட்ட கோழி. எல்லாம் இன்னும் ஜில்லென்றுதான் இருந்தன. ஆனால் விசிறியின் சத்தம் இல்லை.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கடையில் எல்லாருக்கும் அவர் பொறுப்பண்ணன். தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "அது என் பொறுப்பு" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் அம்மாள், மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை என்று வருத்தப்பட்டபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை, அந்த அம்மாள் கடைக்குள் வந்தாலே இவர் சோப்பு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

இந்தக் குளிர் அறையும் அவர் வாயால் வந்த பொறுப்புதான். பழைய கேஸ் கசிந்து காற்றில் கலந்தால் பூமி சூடாகிறது என்று அரசாங்கம் புது விதி கொண்டு வந்திருந்தது. பெரிய குளிர் அறை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவ்வளவு கெடுதல் இல்லாத புது கேஸுக்கு மாற வேண்டும். பழையதைக் காற்றில் திறந்துவிடக் கூடாது, சிலிண்டரில் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். கசிவு ஏற்பட்டால் ஊரைக் கூட்டும் மணி ஒன்று பொருத்த வேண்டும். நாளை மறுநாள் காலை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். தேறினால் வாசலில் பச்சை ஸ்டிக்கர். தேறாவிட்டால் குளிர் அறைக்குப் பூட்டு.

கடை அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். கடைக்குள் முதலாளி, வீட்டுக்குள் மச்சான், போனில் மட்டும் எந்த வேஷம் என்று "ஹலோ" சொல்கிற தொனியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வியாபார வேலையாக வெளியூர் கிளம்பும்போது அவர் முதலாளியாகவும் மச்சானாகவும் சேர்ந்தே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஆய்வுல தவறிச்சுன்னா குளிர் பகுதியையே எடுத்துடலாம் மாப்ளே. சோப்பு, சீப்பு, மளிகை போதும் நமக்கு. எதுக்கு இந்தத் தலைவலி?"

பொறுப்பண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஒரே ஒரு பால் பெட்டியில் தொடங்கி, மீன், கோழி, ஐஸ்கிரீம் என்று அந்தப் பகுதியை வளர்த்தது அவர். அங்கே வேலை பார்க்கும் பால் அக்காவும் மீன் அக்காவும் அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். அவர்களிடமும் அவர் சொல்லியிருந்தார், அது என் பொறுப்பு என்று.

சரி, ஒரு நாள்தானே, சமாளித்துவிடலாம் என்று முதல் யோசனையைச் செயல்படுத்தினார். கடைக்குள் முன்பக்கம் நீளமான திறந்த குளிர் அடுக்கு ஒன்று உண்டு, தயிரும் சீஸும் வைப்பது. அதற்குத் தனி மெஷின், அது ஏற்கெனவே புது கேஸுக்கு மாறியது. குளிர் அறையிலிருந்த பாலையும் வெண்ணெயையும் அதில் ஏற்றச் சொன்னார். பால் அக்கா, இதுக்கு மேல அடுக்கக் கூடாதுன்னு கோடு போட்டிருக்காங்கண்ணா என்று தயங்கினார். கோடு நம்ம போட்டதா, கம்பெனிக்காரன் போட்டது, அவனுக்கு நம்ம கஷ்டம் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே பொறுப்பண்ணன் தானே முன்னின்று கூரை தொடுமளவுக்கு அடுக்கினார்.

கம்பெனிக்காரனுக்குக் கஷ்டம் தெரிந்துதான் இருந்தது. குளிர்காற்று வந்து போகும் வழியெல்லாம் வெண்ணெய்ப் பெட்டி அடைத்துக்கொள்ள, அடுக்கு கொஞ்ச நேரம் முனகியது, பிறகு இருமியது, பிறகு நின்றே போனது. இப்போது குளிர் அறையும் இல்லை, குளிர் அடுக்கும் இல்லை. தயிர் வாங்க வந்த ஒருவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, வெளியில வெயில் பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "சுமை குறைஞ்சா தானா எழுந்துக்கும். பாக்கலாம்."

பொறுப்பண்ணனின் இரண்டாவது யோசனை பிரமாதமானது. பூ மொத்த வியாபாரி ஒருவரிடம் குளிர்சாதன லாரி இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வரவழைத்தார். லாரி பின்பக்கச் சந்துக்குள் பின்னோக்கி வந்து, குளிர் அறையின் பின்வாசலை ஒட்டி அச்சடித்தாற்போல் நின்றது. பாலும் வெண்ணெயும் மீனும் கோழியும் கைமாறிக் கைமாறி லாரிக்குள் போயின. சுமை குறைந்த குளிர் அடுக்கு, மெக்கானிக் சொன்னபடியே தானாக எழுந்து உட்கார்ந்தது. பொறுப்பண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மீன் அக்காவிடம் ஒரு டீ சொல்லலாமா என்று கேட்டார்.

டீ வரவில்லை. மணிதான் வந்தது.

புதிதாகப் பொருத்திய கசிவு மணி. தீயணைப்பு வண்டியும் பச்சைக் குழந்தையும் சேர்ந்து கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. மணி அடித்தால் பாதுகாப்புக்காகப் பின்பக்க மெஷின்கள் அத்தனையும் தாமாகவே நின்றுவிடும் என்பது விதி. அதுவரை தனி மெஷினில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் அறையும் விதிப்படி நின்றது.

"கேஸே இல்லாத மெஷின்ல எப்படிங்க கசிவு?" என்று பொறுப்பண்ணன் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

மெக்கானிக் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். லாரியின் புகை பின்வாசல் வழியாக நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த மணிக்கு எல்லா நாற்றமும் ஒன்றுதான் என்று விளக்கினார். எஞ்சினை அணைத்தால் புகை நிற்கும், ஆனால் லாரியின் குளிரும் நிற்கும். அணைக்காவிட்டால் ஐஸ்கிரீம் பாயசமாகும். பொறுப்பண்ணன் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

மணி நின்றது. அறையில் புகை வாடையும், மீன் தூக்கிப்போன தடத்தில் மீன் வாடையும் கலந்து வீசின. நல்ல எண்ணத்தில், யாரிடமும் கேட்காமல், பொறுப்பண்ணன் ஒரு வாளித் தண்ணீரில் பினாயிலைத் தாராளமாக ஊற்றித் தரையை மெழுகினார்.

மணிக்குப் பினாயிலும் பிடிக்கவில்லை.

அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவருடைய மனைவி கடைக்குள் வந்தார். காலையிலிருந்து போன் எடுக்கவில்லையே, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். ஒரு கட்டடம் நிறைய இளம்பெண்களை ஒரே வாசல் வழியாக நேரத்துக்கு உள்ளே கொண்டு வருபவருக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. துடைப்பமும் கையுமாக நின்ற கணவரைப் பார்த்தார், சந்தில் நின்ற லாரியைப் பார்த்தார், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த மீன் அக்காவைப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு? சுருக்கமா சொல்லுங்க."

பொறுப்பண்ணனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. ஆனாலும் அன்றைக்கு நாக்கு வறண்டிருந்ததால் சுருக்கமாகவே வந்தது. வைக்க இடமில்லை, லாரியிலும் ரொம்ப நேரம் தாங்காது, வால்வு நாளைக்குத்தான், அண்ணனுக்குத் தெரிந்தால் எல்லாம் போச்சு.

"வைக்கறதுக்கு இடம் தேடித்தானே இவ்வளவு கூத்து? எதுக்கு வைக்கணும்? வித்துடுங்க."

அதற்கு மேல் யாரையும் அவர் யோசிக்க விடவில்லை. பின்பக்க ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னார்; பினாயில் வாடை போய் மணி அடங்கியது, ஐஸ்கிரீம் அறை மறுபடி ஓடத் தொடங்கியது. லாரியைச் சந்திலிருந்து எடுத்துக் கடையின் முன்பக்கத் தெருவில் நிறுத்தச் சொல்லி எஞ்சினை ஓட விட்டார். பால் அக்காவை லாரிக்குள் ஏற்றினார், மீன் அக்காவைத் தராசோடு கீழே நிறுத்தினார். பிறகு கடையின் மைக்கைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் கவனிங்க. குளிர் அறையில வேலை நடக்குது. பால், வெண்ணெய், மீன், கோழி எல்லாம் இந்த நிமிஷம் நல்லா ஜில்லுன்னு இருக்கு. நாளைக்கு எப்படி இருக்கும்னு என் வீட்டுக்காரராலயே சொல்ல முடியலை. அதனால இன்னிக்குப் பாதி விலை. வரிசையில வரணும். தள்ளுறவங்களுக்கு முழு விலை."

யாரும் தள்ளவில்லை. வரிசை மட்டும் தெருமுனை திரும்பி, மருந்துக்கடையைத் தாண்டி வளர்ந்தது. அடுத்த தெருவிலிருந்து பாத்திரத்தோடு வந்தார்கள். விடுதிச் சமையல்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கோழியில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனார். எதிர்க்கடைக்காரர் வெகுநேரம் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துப் பார்த்தார்; கடைசியில் தன் கடைப் பையனிடம் சொல்லாமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தானே வந்து வெண்ணெய் வாங்கிப் போனார்.

செய்தி வெளியூருக்கும் போயிருந்தது. பொறுப்பண்ணனின் போன் அடித்தது. அது முதலாளியின் "ஹலோ".

"யாரைக் கேட்டு மாப்ளே பாதி விலை போட்டீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் அண்ணே."

மறுமுனையில் முதலாளி காணாமல் போனார். பிறகு மச்சானின் குரல் கேட்டது. "ஓ, நீயா? சரிம்மா. சாப்டியா?"

சாயங்காலம் லாரி காலியாகத் திரும்பிப் போனது. மீன் அக்கா தராசைக் கழுவிக்கொண்டே, இந்தக் கடைக்கு வந்ததிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு மீனை நிறுத்ததில்லை என்றார். பொறுப்பண்ணன் மனைவியிடம் நன்றி சொல்ல வார்த்தை தேடினார். அவர், நாளைக்காவது போனை எடுங்க என்று சொல்லிவிட்டு விடுதிக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை வால்வு வந்தது. சரியான வால்வுதான். அதைப் பார்த்தபோது பொறுப்பண்ணனுக்குக் கண் கலங்கியது. ஒரு பித்தளைத் துண்டைப் பார்த்துக் கண் கலங்குவது கொஞ்சம் அதிகம்தான் என்று அவருக்கே பட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் காலி அறைக்குள் காத்திருந்தது. சரக்கு வந்த நாளிலிருந்து யாரும் பார்த்திராத பின்சுவர் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்திருந்தது. மெக்கானிக் குழாயில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் கொடுத்தார். அழுத்தம் காட்டும் கேஜின் முள் நின்றது, பிறகு திருடன் மாதிரி மெல்ல நழுவியது. எங்கேயோ கசிவு. இப்படியே புது கேஸை ஏற்றினால் நாளைக்கு அதிகாரி முன்னால் மணி அடிக்கும், அதுவும் நியாயமாகவே அடிக்கும்.

மெக்கானிக் ஒரு மூலையிலிருந்தும் பொறுப்பண்ணன் மறு மூலையிலிருந்தும் சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாகக் குழாயின் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார்கள். பொறுப்பண்ணன் முட்டி போட்டார், பக்கவாட்டில் படுத்தார், கடைசியில் மல்லாந்து படுத்துக் கடைசி அடுக்குக்குப் பின்னால் கையை நீட்டினார். அங்கே ஒரு வளைவில் நுரை அசையாமல் இருந்தது. பிறகு அதிலிருந்து ஒரு குமிழி மெதுவாகத் தலை தூக்கியது, பட்டாணி அளவுக்கு வளர்ந்தது, வெடித்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

"இங்க இருக்கு" என்றார் பொறுப்பண்ணன். சத்தம் போட்டால் அது ஓடிவிடும் என்பது போல மெதுவாகத்தான் சொன்னார்.

மெக்கானிக் தவழ்ந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறைகிறதென்று அவரே வந்து நிரப்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேறு வார்த்தை சொன்னார்.

"பாத்துட்டீங்க அண்ணே."

அதன் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல நடந்தது. வளைவைப் பற்றவைத்தார்கள், மறுபடி அழுத்தம் கொடுத்தார்கள், முள் ஆணி அடித்தாற்போல் நின்றது. வால்வு உட்கார்ந்தது. குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது கேஸை ஏற்றினார்கள். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பால் அக்கா, மீன் அக்கா, பில் போடுகிறவர்கள், வாட்ச்மேன் என்று எல்லாரும் கதவுக்கு வெளியே கூடிவிட்டார்கள். கதவின் மேலிருந்த சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னார். நீர் உறையும் புள்ளிக்குப் பக்கத்தில் வந்து எண் நின்றதும், வாட்ச்மேன் பொறுப்பண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏன் குலுக்குகிறார் என்று இருவருக்குமே தெரியவில்லை, ஆனாலும் இருவரும் விடவில்லை.

ஆய்வு நாளன்று மச்சான் முதல் ஆளாக வந்து, இஸ்திரி மடிப்பு கலையாமல் வாசலில் நின்றார். பொறுப்பண்ணனின் மனைவியும் விடுதிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட உயரமான அம்மாள். பின்னால் ஒரு பையைச் சுமந்துகொண்டு அவருடைய உதவியாளர், நரைத்த மீசைக்காரர்.

மெஷினைப் பார்ப்பதை அந்த அம்மாள் சீக்கிரமாகவே முடித்துவிட்டார். கசிவு மோப்பக் கருவியைக் குழாய் நெடுகக் கொண்டுபோனார், அது மூச்சுக் காட்டவில்லை. மணியைச் சோதித்தார். பழைய கேஸ் திருப்பித் தரப்பட்டதா என்று கேட்டார், மெக்கானிக் ரசீதைக் காட்டினார். அப்புறம்தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாத்தும்போது ஏதாவது சிக்கல் வந்துச்சா?"

மச்சான் முந்திக்கொண்டார். ஒரு சிக்கலும் இல்லை, பூ மாதிரி நடந்தது என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு சிக்கல்கூடவா இல்லை?"

அந்தப் பார்வையில் பொறுப்பண்ணன் உருகிவிட்டார். பொய் சொல்லித் தேறுவதைவிட உண்மையைச் சொல்லித் தோற்கலாம் என்று, "எல்லாம் என் பொறுப்புங்க" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் கொட்டினார். வால்வு, குளிர் அடுக்கு, லாரி, புகை, பினாயில், மைக்கில் அறிவித்த பாதி விலை. மச்சான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தார், பயனில்லை. அதிகாரி வேகவேகமாக எழுதிக்கொண்டார். நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அப்போ வால்வு கைக்கு வந்த பிறகுதான் கேஸை இறக்கணும், இல்லையா? லாரியை எந்தப் பக்கம் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க? தரையை வெறும் தண்ணியில துடைச்சா மணி அடிக்காதே? இந்த மெக்கானிக் போன் பண்ணினா எடுப்பாரா? ஒவ்வொரு கேள்வியும் கழுத்தில் இன்னொரு முடிச்சு என்று பொறுப்பண்ணனுக்குத் தோன்றியது.

"மைக்ல பேசினது யாரு?"

எல்லாரும் திரும்பினார்கள். பொறுப்பண்ணனின் மனைவி, நான்தான் என்றார். அதிகாரி அவரைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார். எழுதியதை மூடினார்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்து, கண்ணாடிக் கதவில் தன் கையாலேயே ஒட்டி, குமிழி இல்லாமல் தேய்த்துவிட்டார். இந்த வட்டாரத்தில் இதுதான் முதல் பச்சை என்றார்.

பால் அக்கா கை தட்டினார், கடையே கை தட்டியது. எதிர்க்கடை வாசலில் யாரோ சட்டென்று உள்ளே போனார்கள். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இந்தக் குளிர் பகுதியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன, மாப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிடலாமே என்று அவர் சொன்னபோது, அது முதலாளியா மச்சானா என்று பொறுப்பண்ணன் யோசிக்கவே இல்லை. மீன் அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மீன் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஜீப் கிளம்பவில்லை. நரைத்த மீசைக்காரர் மட்டும் இறங்கித் திரும்பி வந்து, பொறுப்பண்ணனைத் தனியாக ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அம்மா நேரா கேக்கக் கூச்சப்படுறாங்க. எங்க ஆபீஸ் கேன்டீன் குளிர் அறைக்கும் நாளையோட கெடு முடியுது, இன்னும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை. உங்க வீட்டம்மாவை ஒரு நாளைக்கு அனுப்பி வைப்பீங்களா?"